திரைப்பட வாணிகமும் பார்வையாளர் கடமையும்

திரைப்படத்தைக் குறித்துப் பேச்செழும்போது நம்மவர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்கின்றனர். அது சீர்கேட்டின் ஊற்று, அறவே விலக்கத் தக்கது என்பார் ஒரு சாரார். அது கலை, போற்றத் தக்கது என்பார் மற்றொரு சாரார். இருவரும் ஒன்றைக் கருத மறந்துவிடுகின்றனர். திரைப்படம் கலையாக இருப்பினும் இல்லாவிடினும், நம்மிடம் வந்து சேரும்போது அது ஒரு சரக்காகவே வந்து சேர்கிறது. அச்சரக்கு எவ்வழியாக வருகிறது, யார் யாருடைய கைகளைக் கடந்து வருகிறது என்பதை அறியாதவரை, நம் பழிப்பும் புகழ்ச்சியும் ஒருங்கே பயனற்றனவாம்.

தமிழகத்தில் இவ்வாணிகம் எளிமையாகவே தொடங்கிற்று. திருச்சியில் இரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சென்று காட்டினார். படத்தை வாங்கியவரும், விளம்பரம் செய்தவரும், கூடாரம் அடித்துக் காட்டியவரும் அவர் ஒருவரே. பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அவர் எழுப்பினார். 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கிய பின்னர், படமெடுப்போர், விநியோகிப்போர், திரையிடுவோர் என இத்தொழில் மூன்றாகக் கிளைத்தது. விளம்பரத்தின் ஆற்றலை 1948இல் ‘சந்திரலேகா’ வாயிலாக ஜெமினி வாசன் இந்தியா முழுமைக்கும் உணர்த்தினார்.

விநியோகத்திற்கெனத் தமிழ்நாடு பல ஏரியாக்களாகப் பகுக்கப்பட்டது. சென்னை நகரம், செங்கல்பட்டு, வடஆர்க்காடு தென்ஆர்க்காடு, திருச்சி தஞ்சாவூர், மதுரை இராமநாதபுரம், கோவை, சேலம், திருநெல்வேலி கன்னியாகுமரி என்பன அவை. மாவட்டங்கள் பல முறை பிரிக்கப்பட்ட பின்னரும் இத்தொழிலார் இப்பழைய எல்லைகளையே வழங்கி வருகின்றனர். விநியோகஸ்தர் படத்தை வாங்கும் முறையும் பலவகைப்படும். குறித்த விலை கொடுத்து உரிமையை முழுமையாகப் பெற்று, இலாப நட்டம் இரண்டையும் தாமே ஏற்பது அவுட்ரேட் முறை. குறைந்த அளவுத் தொகைக்கு உறுதியளித்து, வசூல் அதனினும் மிகுந்தால் தயாரிப்பாளரோடு பகிர்ந்துகொள்வது மினிமம் கியாரண்டி முறை. முன்பணம் கொடுத்துப் படத்தை வெளியிட்டு, கமிஷன் மட்டும் பெறுவது பிறிதொரு முறை. எம்முறையாயினும் படம் வீழ்ந்தால் அதன் சுமை யாரோ ஒருவர் தலையில் விழுந்தே தீரும். 2002இல் ‘பாபா’ எதிர்பார்த்த வெற்றியைப் பெறாதபோது, விநியோகஸ்தர்களின் இழப்பை அதன் நாயகர் ரஜினிகாந்த் ஈடுசெய்தார். அந்நிகழ்ச்சி இன்றளவும் பேசப்படுகிறது என்றால், அஃது எத்துணை அரிதானது என்பதும் விளங்கும்.

படச்சுருள் காலத்தில் ஒரு பிரதி எடுப்பதற்கே பெருஞ்செலவு ஆயிற்று. ஆதலால் அளவான பிரதிகளே எடுக்கப்பட்டன. முதலில் நகரங்களிலும், சில வாரங்களோ திங்களோ கழிந்தபின் சிற்றூர்களிலும், இறுதியில் டூரிங் கொட்டகைகளிலும் அப்படப்பெட்டி சென்று சேர்ந்தது. அதற்குள் படத்தின் தரம் மக்கள் வாய்மொழியாக ஊரெங்கும் பரவியிருக்கும். கொட்டகைக்குச் செல்பவன் அறிந்தே சென்றான். நல்ல படம் மெல்ல மெல்ல ஊன்றி நூறு நாள், வெள்ளி விழா என ஓடுவதற்கு அக்கால முறை இடங்கொடுத்தது.

எண்மத் தொழில்நுட்பம் வந்தபின் அந்நிலை தலைகீழாயிற்று. படப்பெட்டி மறைந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஒரே படம் வெளியாகிறது. திரையரங்க வசூலில் தயாரிப்புத் தரப்பிற்குரிய பங்கும் முதல் வாரத்தில் மிகுந்தும் அடுத்தடுத்த வாரங்களில் குறைந்தும் வருமாறு பேசப்படுகிறது. முன்பு மாதக் கணக்கில் ஈட்டியதை முதல் மூன்று நாள்களிலேயே ஈட்ட முயல்வதற்குக் காரணம் இதுவே. 2021 சனவரி 13இல் அரங்குகளில் வெளியான ‘மாஸ்டர்’, பதினாறு நாள்களில் இணையவழித் திரைத்தளத்திற்கு வந்துவிட்டது. அதற்கு முன்னரே 2020இல் ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்கிற்கே வாராமல் நேரே இல்லங்களுக்குள் புகுந்தது.

மூன்று நாள்களில் வசூலிக்க வேண்டுமாயின், படம் நன்று தீது என்பது பரவுமுன்னரே கூட்டத்தைச் சேர்த்தாக வேண்டும். முதற்பார்வை, முன்னோட்டம், பாடல் வெளியீட்டு விழா, நாளொரு செய்தி, இத்தனை கோடி வசூல் என்னும் முழக்கம் ஆகிய அனைத்தும் இதன்பொருட்டே எழுகின்றன. அக்கோடிகளைச் சரிபார்க்கும் வழி பார்வையாளனுக்கு இல்லை. ஆயினும் நம் மாணவர் அவற்றைத் தம் சொந்த வரவுசெலவுக் கணக்கேபோல் மனப்பாடமாய் ஒப்பிக்கின்றனர். அதன்பொருட்டுத் தோழரோடு பகைக்கவும் துணிகின்றனர்.

நாம் வருந்துவது இங்கேதான். ஒரு நிறுவனம் தன் சரக்கை விளம்பரம் செய்ய ஆள் வைத்துக் கூலி கொடுப்பது முறை. இங்கோ கூலியும் பெறாமல், நுழைவுச்சீட்டிற்குத் தம் கைப்பொருளையும் கொடுத்து, உறக்கத்தையும் இழந்து நம் இளைஞர் அவ்வேலையைச் செய்கின்றனர். 2023 சனவரியில் சென்னையில் இரு பெரும்படங்கள் ஒரே நாளில் வெளியாயின. அன்று விடியுமுன் நிகழ்ந்த கொண்டாட்டத்தில் லாரியொன்றின் மீதேறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே குதித்து உயிரிழந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ‘லியோ’ வெளிவந்தபோது, முதற்காட்சி காலை ஒன்பது மணிக்கு முன் கூடாது என அரசு வரையறுத்தது. அரசு காட்சி நேரத்தை வரையறுக்கலாம். எனினும் மயக்கத்தை வரையறுக்க எந்த ஆணையாலும் இயலாது. அது கற்றவர் கடமை.

இம்முறையால் நலிவது மாணவன் மட்டுமன்று. பெரிய நாயகர் இல்லாத சிறிய படமும் நலிகிறது. வாய்மொழியொன்றையே நம்பி வரும் அப்படத்திற்கு, அவ்வாய்மொழி பரவுதற்கு வேண்டிய ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வந்தது திங்கட்கிழமை எடுக்கப்பட்டு விடுகிறது.

வாணிகத்தை நாம் குறைகூறவில்லை. பொருளிட்டவன் பொருளீட்ட விழைவது இயல்பு. நடுவுநிலை பிறழாத வணிகரைப் பட்டினப்பாலை பாராட்டியுள்ளதைத் தமிழ் பயில்வோர் அறிவர். விற்பவனுக்கு அந்நடுவுநிலை வேண்டும் என்றால், வாங்குபவனுக்கு ஆராய்ச்சி வேண்டும். அரிசி வாங்கும்போது ஒரு பிடி எடுத்துப் பார்க்கும் நாம், கதையை வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

ஆகவே மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது சிறிதே. முதல் நாள் முதற்காட்சி என்னும் வெறியைத் துறமின்கள். ஒரு வாரம் பொறுத்து, கண்டவர் கூறக் கேட்டு, பின்னர்ச் செல்லுங்கள். கைப்பொருளும் மிஞ்சும், நற்படம் எதுவென்பதும் தெரியும். சிறிய படம் நன்றெனக் கேள்வியுற்றால் அதற்கு மட்டும் விரைந்து செல்லுங்கள். உங்கள் விரைவு அங்கேதான் பயன்படும். ஆசிரியப் பெருமக்கள் நாவலுக்கும் கவிதைக்கும் கற்பிக்கும் திறனாய்வைத் திரைப்படத்திற்கும் கற்பிக்க முன்வருதல் வேண்டும். பெரியோர்கள், போகாதே எனத் தடுப்பதோடு அமையாமல், கண்டது என்ன, அதனால் பெற்றது என்ன எனப் பிள்ளைகளிடம் கேட்டறிதல் வேண்டும். தடை ஒரு நாள் காக்கும்; கேள்வி வாழ்நாளெல்லாம் காக்கும்.

விளம்பரம் நம்மை வாசல்வரை அழைத்துவரலாம். உள்ளே செல்வதா, திரும்புவதா என்னும் முடிவு நம்முடையதாக இருக்கட்டும்.