பெண் வயிறு என்று ஒன்று இல்லை

ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம் என எந்தப் பக்கம் போனாலும், இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் இந்தப் பேச்சு காதில் விழும்: “அவளுக்குப் பொட்டப்புள்ள வயிறு.” சொல்பவர் பெரும்பாலும் மாமியார். பக்கத்தில் வாய்திறக்காமல் நிற்பவர் கணவர். பதில் சொல்லவேண்டியவரே அவர்தான்.

நம் உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது மட்டும், தனி வகைச் செல் பிரிவால் அது 23 ஆகக் குறைகிறது. பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில், தாயிடம் இருப்பவை இரண்டு எக்ஸ்; எப்படிப் பிரிந்தாலும் முட்டைக்குக் கிடைப்பது எக்ஸ்தான். தந்தையிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய். எனவே விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸ், மீதி ஒய். முட்டையோடு சேர்வது எக்ஸ் என்றால் பெண், ஒய் என்றால் ஆண்.

இது நேற்று வந்த செய்தியும் அல்ல. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாவுப்புழுக்களின் செல்களிலுள்ள குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். பெண்ணில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணில் 19 பெரியவை, ஒன்று மட்டும் குட்டி. அந்தக் குட்டிதான் ஒய். மனிதரின் ஒய்யில் உள்ள ‘எஸ்.ஆர்.ஒய்’ மரபணு 1990இல் அடையாளம் காணப்பட்டது. கரு உருவாகி ஆறேழு வாரங்களில் அந்த டி.என்.ஏ. துண்டு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அதிலிருந்து உருவாகும் புரதம் விந்தகம் வளர வழி திறக்கிறது. அப்படியிருக்க, மூன்றாம் மாதத்தில் ‘ஆண் வாரிசுக்கு’ என்று அரைத்துக் கொடுக்கும் மருந்து எதை மாற்றப்போகிறது? ‘மூணு பொண்ணாச்சு, நாலாவது பையன்தான்’ என்ற கணக்கும் பொய். ஒவ்வொரு கருவுக்கும் வாய்ப்பு மறுபடி பாதிக்குப் பாதிதான்.

சோளத்தை விதைத்துவிட்டுக் கம்பு முளைக்கவில்லை என்று காட்டைத் திட்டுகிற விவசாயி நம் சீமையில் உண்டா?

இந்த அறியாமைக்கு விலை கொடுத்தவை உயிர்கள். பெண் சிசுக்களைக் கொல்லப் புகட்டிய கள்ளிப்பாலிலிருந்து அவர்களைத் தப்பவைக்க, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்கியது சேலத்தில்தான். ராசிபுரம் இருக்கும் நாமக்கல் பகுதியும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள், சேலத்தில் 851. வரதட்சணையும் சொத்தாசையும் இதற்குக் காரணங்கள்தான். ஆனால் பழி மட்டும் பெற்றவள் தலையில். வயிற்றில் இருப்பது என்னவென்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆண் குழந்தை பெறவில்லை என்று பழிப்பதையும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறை என்கிறது. ஆனாலும் வயிற்றைப் பழிக்கும் பேச்சு நிற்கவில்லை.

அப்படியானால் கணவரைப் பழிக்கலாமா? வேண்டாம். எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. பெண் பிறப்பது யாருடைய குற்றமும் அல்ல, அது குற்றமே அல்ல. ஆனால் வாய்மூடி நிற்பது அவர் குற்றம். மருமகளின் வயிற்றை அம்மா பழிக்கும்போது மகனே எழுந்து சொல்லட்டும்: “அம்மா, அந்த எக்ஸ் நான் கொடுத்தது.”