இரங்கலுரையும் பொய்யுரையும்

எருக்கலம்பிட்டியில் ஒருவர் மரணித்தால், ஜனாஸாத் தொழுகை வேளையில் குடும்பத்தவர் ஒருவர் எழுந்து, இறந்தவருக்கு எவரேனும் கடன் கொடுத்திருப்பின் வாரிசுகளிடம் பெற்றுக்கொள்ளுமாறு அறிவிப்பார். முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலும் உள்ள வழக்கமே இது. அன்றைய தினம் இறந்தவரைப் பற்றிக் கூறப்படும் கலப்பற்ற உண்மை பெரும்பாலும் அவ்வொரு வாக்கியமே. அதன் பின்னர் இரங்கலுரை தொடங்கிவிடும்.

இரங்கலுரைக்கென நம்மிடையே ஓர் அச்சுவார்ப்பு உண்டு. அன்னார் மார்க்கப்பற்று மிக்கவர், ஏழைகளின் தோழர், எவர் மனமும் நோகப் பேசாதவர். பெயரை மாற்றினால் உரை அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் முப்பத்தோராம் நாள் வழங்கப்படும் கல்வெட்டுகளைப் புரட்டுவோர் இதே வார்ப்பைச் செய்யுள் வடிவிற் காணலாம். இவ்வொரு விடயத்திலேனும் நம்மிரு சமூகத்தாரிடையே பூரண ஒற்றுமை நிலவுகின்றது.

இதனைக் குறை கூறுவோரின் வாயை அடைக்க ஒரு நபிமொழி எடுத்துக்காட்டப்படுவதுண்டு. இறந்தோரின் நல்லவற்றையே பேச வேண்டும், தீயவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. மறுப்பாரில்லை. ஆயின், உள்ள நன்மையைக் கூறுதல் வேறு. இல்லாத நன்மையைப் படைத்தல் வேறு. ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்குக் கடன் உண்டா என்றே நபியவர்கள் வினவினார்கள் என ஹதீஸ் கிரந்தங்கள் கூறும். மையித்தின் முன்னிலையில் உண்மை பேசுதல் மார்க்கத்துக்கு விரோதமெனில், அவ்வினாவை எங்கே வைப்பது? மறைந்த பாவங்களைத் தோண்டுமாறு எவரும் கேட்கவில்லை.

பழந்தமிழ் மரபும் இவ்வார்ப்புக்கு அரண் செய்யாது. புறநானூற்றின் 235ஆம் பாடலில், அதியமானை இழந்த ஔவையார், அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தையே முதலில் நினைவுகூர்கின்றார். அதனால் அவன் பெருமை குன்றவுமில்லை. அவர் துயர் குறையவுமில்லை.

நமது ஊருக்கு இது வெறும் நாகரிகப் பிரச்சினையன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி மக்களும் புத்தளப் பகுதியில் அகதிகளாயினர். 2009இல் போர் முடிந்த பின்னரும் திரும்பாதோர் பலர். படங்களும் பத்திரங்களும் வீடுகளோடு போயின. அன்று குடும்பம் சுமந்தோர் இன்று ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். அவர்கள் அஞ்சியதையும், நிவாரண வரிசையில் ஏசிக்கொண்டதையும், ஏமாந்ததையும், ஏமாற்றியதையும் சொல்ல எஞ்சியிருக்கும் ஏடு மனித நினைவே. அவ்வேட்டின்மீது ஒவ்வொரு மரணத்தின்போதும் வெள்ளை பூசுகின்றோம்.

அவ்வேடு இன்னும் வாசிக்கப்படும் இடமொன்று உண்டு. அது பந்தலின் ஓரம். ஒரு மூதாட்டியின் நாற்பதாம் கத்தத்தன்று அங்கே கேட்டது இது. நகையைப் பறிகொடுத்த பின்னும் அம்மிக்குழவியைச் சேலைத்துண்டில் சுற்றிக்கொண்டு தோணியேறினாராம் அவர். அம்மியோ ஊரிலேயே கிடந்தது. முகாமில் எவர் கேட்டும் அக்குழவியை இரவல் கொடுத்ததில்லையாம். கஞ்சத்தனம் அவரோடு கூடப்பிறந்தது. அனைவரும் சிரித்தனர். அவருடைய பேத்தி சிரித்துக்கொண்டே அழுதாள். அக்கஞ்சத்தனத்தினுள் ஒரு வீடு முழுவதும் இருந்ததை அங்கிருந்தோர் அனைவரும் அறிவர்.

"மையித்து வீட்டில் என்ன சிரிப்பு?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவ்வம்மையார் 'வாரி வழங்கிய வள்ளல்' ஆனார். குழவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த கத்தத்திலேனும் அவ்வொலிபெருக்கியைப் பந்தலின் ஓரத்துக்கு நகர்த்துவார் உளரோ?