நாலு மணிக்கு எழுப்பும் நாலுகால் அலாரம்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பெண் பூனை. கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது. ஒரே ஒரு தொல்லை. தினமும் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு மகளின் போர்வைக்குள் புகுந்து கால் விரலைக் கடிக்கிறது. கதவைச் சாத்தினால் கதவைப் பிறாண்டுகிறது. மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. "ராத்திரி பன்னிரண்டு வரை படிக்கிறாள். நாலு மணிக்கு இது எழுப்பிவிடுகிறது. ஸ்கூலில் தூங்கி வழிகிறாள். மாமியார் கோணிப்பையை எடுத்து வெளியில் வைத்துவிட்டார். மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார். மகள் ஒரே அழுகை. ஏதாவது வழி சொல்லுங்கள்" என்கிறார்.

அம்மா, முதலில் அந்தக் கோணிப்பையை மடித்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் சமாதானம். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் தங்கள் எல்லைக்குள் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாது. நாய்கள் உண்டு, வண்டிகள் உண்டு. கிண்ணத்தில் சாப்பிட்டு, மெத்தையில் தூங்கிய பூனைக்கு இதெல்லாம் தெரியாது. பெரும்பாலும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் பயந்து ஒடுங்கிக் கிடக்கும். அதுமட்டுமல்ல, வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாமியாரிடம் சட்டம் பேசச் சொல்லவில்லை. ஆனால் இது கைவிட வேண்டிய அளவுக்குத் தீராத பிரச்னையே இல்லை என்பதைச் சொல்லுங்கள்.

பூனை ராத்திரிப் பிராணி என்று நினைக்கிறோம். சரியாகச் சொன்னால் அது அந்திப் பிராணி. பொழுது சாயும் நேரமும் பொழுது விடியும் நேரமும்தான் அதற்குச் சுறுசுறுப்பு. காரணம், எலிகளும் சின்னப் பறவைகளும் நடமாடும் நேரம் அது. நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். மனிதர்கள் தானியம் சேமிக்க ஆரம்பித்து, தானியத்துக்கு எலி வந்து, எலிக்குப் பின்னால் காட்டுப்பூனை வந்ததுதான் நம் உறவின் தொடக்கம். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அத்தனை காலம் நம்மோடு இருந்தும் அதன் கடிகாரம் மட்டும் மாறவில்லை.

பகலில் நாம் அதற்குச் செய்யும் உதவியும் ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் போய்விடுகிறோம். ஃபிளாட்டில் தனியாக இருக்கும் பூனை என்ன செய்யும்? தூங்கும். வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்குகிறது. அந்தக் கோட்டா முழுவதையும் நாம் இல்லாதபோதே முடித்துவிட்டால், ராத்திரிக்கு மிச்சம் ஏது?

சரி, அது ஏன் குறிப்பாக மகளின் காலைக் கடிக்கிறது? நான் பந்தயம் கட்டத் தயார்: என்றோ ஒருநாள் அவள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, "இந்தா, தின்னுட்டு விடு" என்று ஒரு கை தீனி போட்டிருப்பாள். பூனைக்கு அது போதும். இந்த மனுஷிக்குக் கால் விரல்தான் சுவிட்ச் என்று எழுதி வைத்துக்கொள்ளும்.

இதில் குடும்பத்தைக் குறை சொல்லவும் முடியாது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம் என்ற ஆராய்ச்சியாளரை அவருடைய பூனை தினமும் காலையில் ஒரு விதமாக 'குர்ர்' என்று உறுமி எழுப்பிக்கொண்டிருந்தது. அவர் அதையே ஆராய்ச்சியாக்கி 2009-ல் வெளியிட்டார். சாப்பாடு கேட்கும்போது மட்டும் அந்த உறுமலுக்குள் மெல்லிய அழுகுரல் ஒன்று கலந்திருக்கிறது. அதன் சுருதி கைக்குழந்தையின் அழுகைக்குப் பக்கத்தில் வருகிறது. பூனையே வளர்க்காதவர்களுக்குப் போட்டுக் காட்டியபோதும், இதில் ஏதோ அவசரம் இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. குழந்தை பெற்று வளர்த்த எந்த அம்மாவால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியும்?

இனி வேலைக்கு வருவோம். காட்டில் ஒரு பூனையின் நேரம் ஒரே வரிசையில் ஓடும்: பதுங்கி, துரத்தி, பிடித்து, தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, தூங்கும். அந்த வரிசையை நம் படுக்கை நேரத்துக்கு நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். மகள் பன்னிரண்டு வரை படிக்கிறாள் அல்லவா? பதினொன்றரைக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பூனையோடு விளையாடட்டும். அவளுக்கும் நல்லது.

விளையாட்டு என்றால் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவது அல்ல. ஒரு நீளக் குச்சியின் நுனியில் பழைய துணிக் கிழிசலைக் கட்டுங்கள். விளக்குமாற்றுக் கம்பே போதும். அதைப் பூனையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஆட்டக் கூடாது. எந்த எலியாவது பூனையைத் தேடிப் போகுமா? துணி பூனையிடமிருந்து விலகி ஓட வேண்டும், சோபாவுக்குப் பின்னால் ஒளிய வேண்டும், நின்று நடுங்க வேண்டும். நடுநடுவே பிடிபடவும் வேண்டும். லேசர் விளக்கு வைத்து விளையாடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வெளிச்சப் புள்ளியை எந்தப் பூனையாலும் பிடிக்க முடியாது. கடைசியில் ஒரு பொம்மையின் மேலாவது புள்ளியை நிறுத்திப் பிடிக்க விடுங்கள். விளையாடி முடிந்ததும் குச்சியையும் நூலையும் அலமாரியில் பூட்டுங்கள். நூல் வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருட்டி ஆபரேஷன் வரை கொண்டுபோகும். பூ கட்டும் நூலும் அப்படித்தான்.

பூனை மூச்சு வாங்கிப் படுத்ததும், அன்றைய கடைசிச் சாப்பாடு. நல்ல சாப்பாடாக, அசைவமாக.

இந்த இடத்தில் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் பூனைக்கு ராத்திரி தயிர் சாதமோ பால் சாதமோ வைக்கிறோம். அது நக்கிக் குடிக்கும், நாமும் திருப்தியாகப் படுத்துவிடுவோம். ஆனால் பூனை முழு மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்து அதற்குக் கறியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். அது போதாவிட்டால் நாளடைவில் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். பல பூனைகளுக்கு வளர்ந்தபின் பால் ஜீரணமாகாமல் வயிறும் போகும். எட்டு மணிக்குச் சோறு தின்ற பூனை மூன்று மணிக்குப் பசியில் கத்தினால் அதைத் தொல்லை என்று எப்படிச் சொல்வது? சைவக் குடும்பமாக இருந்து வீட்டில் சமைக்க முடியாது என்றால், கடையில் விற்கும் நல்ல பூனைத் தீனியை வாங்குங்கள். அதில் டாரின் சேர்த்திருப்பார்கள்.

அடுத்தது காலை. இது முக்கியம். எழுந்ததும் முதல் வேலையாகப் பூனைக்குச் சாப்பாடு போடாதீர்கள். பல் தேயுங்கள், காபி போடுங்கள், பேப்பர் படியுங்கள். பிறகு போடுங்கள். நீங்கள் கண் திறப்பதற்கும் கிண்ணம் நிறைவதற்கும் உள்ள தொடர்பு அறுந்தால்தான் உங்களை எழுப்புவதில் லாபம் இல்லை என்று அதற்குப் புரியும். வசதி இருந்தால் டைமர் வைத்த தீனிப் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. பேட்டரியிலும் ஓடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், கரன்ட் போனால் பழையபடி நீங்கள்தான் பொறுப்பு. முதலில் மூன்றரைக்குத் தீனி விழும்படி வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே போங்கள். பூனை பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், உங்கள் தலைமாட்டில் அல்ல.

இப்போது கசப்பான பகுதி. எழுப்பினால் எழுந்திருக்கக் கூடாது. திட்டக்கூடாது, தள்ளக்கூடாது, "சும்மா இரு கண்ணு" என்று கொஞ்சவும் கூடாது. திட்டும் பூனைக்கு ஒரு பதில்தான். முதல் சில நாட்கள் நிலைமை மோசமாகும். இதுவரை வேலை செய்த சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் நாமும் அதை நாலு தடவை அழுத்திப் பார்ப்போமே, அப்படித்தான். இந்த நேரத்தில் தாத்தாவோ பாட்டியோ மனம் இரங்கி ஒரு பிஸ்கட் போட்டால் எல்லாம் போச்சு. பத்து நாள் கத்தினால் பதினோராவது நாள் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரு பேச்சில் நில்லுங்கள். தண்ணீர் தெளித்து விரட்டுவதும் வேண்டாம். பூனை திருந்தாது, உங்களைப் பார்த்தால் பயப்படும். பரீட்சை முடியும்வரை மகள் அறைக் கதவைச் சாத்துவது என்று முடிவெடுத்தால் தினமும் சாத்துங்கள். வெளியே அதற்குப் படுக்கை, தண்ணீர், மலத் தட்டு எல்லாம் இருக்கட்டும். ஒருநாள் சாத்தி ஒருநாள் திறந்தால் கதவில் பெயின்ட் மிஞ்சாது.

பகலிலும் அதற்கு வேலை வேண்டும். முட்டை அட்டையின் குழிகளில் தீனியைத் தூவி வைத்துவிட்டு ஆபீஸ் போங்கள், ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கட்டும். வலை அடித்த ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூல் போட்டால் காக்கையையும் அணிலையும் பார்த்துப் பொழுது போக்கும். வலை இல்லாத ஜன்னல் என்றால் முதலில் வலையை அடியுங்கள். மாடியிலிருந்து விழும் பூனைகள் நிறைய. இன்னொன்று, ராத்திரி சமையலறையில் லைட் எரிந்தால் பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்குப் பூனை வரும். பாத்திரம் உருளும் சத்தம் அங்கிருந்துதான். லைட்டை அணையுங்கள்.

இவ்வளவும் ஆரோக்கியமான பூனைக்கு. ஆபரேஷன் செய்யாத பெண் பூனை சினைக்கு வந்தால் ராத்திரியெல்லாம் குழந்தை அழுவதுபோல் கத்தும். அபசகுனம் என்று சிலர் பயப்படுவார்கள். அது துணைக்கு விடும் அழைப்பு, சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். எந்த விளையாட்டும் அதற்கு ஈடாகாது, கருத்தடை ஒன்றுதான் தீர்வு. ஆண் பூனை மலத் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, சிறுநீர் வராமல் கத்தினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூத்திரம் அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வலிக்கிறதோ என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடவும் வேண்டாம். பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

பத்து வயதைத் தாண்டிய பூனை புதிதாக ராத்திரியில் ஓலமிட ஆரம்பித்தால், அது அடம் அல்ல. தைராய்டு அதிகமாகியிருக்கலாம். அப்போது நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, மூட்டு வலி, காது மந்தம், முதுமையின் மறதி, எதுவாகவும் இருக்கலாம். கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். போகும்முன் ராத்திரி அது கத்துவதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மேஜையில் ஏற்றினால் அது வாயே திறக்காது.