ரெண்டு போட்டா அடங்கிடுமாம்!

பெங்களூரில் குதிரையேற்றம் பழகும் நண்பர்களுக்கெல்லாம் ஒரே அறிவுரைதான்: "சண்டித்தனம் பண்ணினா ரெண்டு போடு." கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பல் கூராகிக் கன்னத்தைக் கிழித்தாலும், சேணம் முதுகை அழுத்தினாலும், வயிற்றில் புண் வந்தாலும் குதிரை முரண்டு பிடிக்கத்தான் செய்யும். அதற்கு வேறென்ன பாஷை தெரியும்? சாட்டையை எடுத்தால் வலியோடு பயமும் சேரும், அவ்வளவுதான்.

வலியே இல்லையா? அப்படியானால் உங்கள் கையைப் பாருங்கள். கடிவாளத்தை இழுப்பதில் அல்ல, சொன்னதைக் கேட்டதும் தளர்த்துவதில்தான் குதிரை கற்கிறது. முன்னங்காலைத் தூக்கியதும் இறங்கிவிட்டால், 'தூக்கினால் இறங்குவார்' என்று பாடம் நடத்தியது நீங்கள்தான்.

கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்க ஜெனோஃபோன் 2,300 வருடம் முன்பே எழுதிவிட்டார். இந்த ஊர் ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினாரே, நம்பிக்கை இல்லாத குதிரையா அத்தனை தடைகளைத் தாண்டியிருக்கும்?

சாட்டையைக் கீழே போடுங்க சார். முதலில் பல்லைப் பாருங்க.