விசிட் விசாவில் மாமியார் வீடா?

"முதலில் விசிட்டில் போய் இறங்கு தம்பி! பொண்டாட்டி அந்த நாட்டுக் குடிமகள். மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்."

குன்னத்தூரிலிருந்து திருப்பூர் வரை ஏஜெண்டுகள் நம் இளைஞர்களின் காதில் ஓதும் மந்திரம் இதுதான். ஓதுகிறவனுக்குக் கமிஷன் கிடைக்கிறது. கேட்டு நம்புகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? அதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

ஒரு காலத்தில் மலேசியச் சம்பந்தம் என்றால் அது கடலோர ஊர்க்காரர்களின் சமாச்சாரமாக இருந்தது. இன்று பனியன் தொழில் நம் பகுதிப் பிள்ளைகளையும் வெளிநாட்டாரோடு பழக வைத்திருக்கிறது. காதர்பேட்டையில் தொடங்கும் வியாபாரப் பழக்கம் நிக்காஹ்வில் போய் முடிவதும் உண்டு. ஹலாலான காரியம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிக்காஹ் முடிந்து மனைவியின் நாட்டில் குடியேறப் புறப்படும்போது எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்?

மலேசியாவையே எடுத்துக் கொள்வோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் போய் வரலாம் என்று அந்நாட்டு அரசு சலுகை தந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கான சலுகை அது. குடும்பம் நடத்த வருகிறவனுக்கு அல்ல! அந்தப் பாஸை வைத்துக் கொண்டு மாமனார் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வேலைதான். தவணை முடிந்தும் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டம். நிஜ மாமியார் வீட்டுக்குப் போனவன் அந்த 'மாமியார் வீட்டில்' போய் உட்காருவது இப்படித்தான்.

"முஸ்லிம் நாடுதானே, நம்மை விரட்டுவார்களா?" என்று கேட்கும் அப்பாவிகளும் இருக்கிறார்கள். விமான நிலைய அதிகாரி உன் கலிமாவைப் பார்க்க மாட்டான் சகோதரனே, உன் பாஸ்போர்ட் முத்திரையைத்தான் பார்ப்பான்!

சரி, எந்த வழியில் போவது? மலேசியாவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனைவி பொறுப்பேற்றுப் பெற்றுத் தரும் நீண்டகால சமூக வருகைப் பாஸ். மற்றது, ஒரு கம்பெனி உனக்காக வாங்கித் தரும் வேலைப் பாஸ். இரண்டாவதில் சம்பளம் உடனே வரும். ஆனால் வேலை போன அன்றே பாஸும் போய்விடும், மனைவி மக்களை விட்டுவிட்டு நீ மட்டும் விமானம் ஏற வேண்டியதுதான். குடும்பத்தை நம்பிப் போகிறவனுக்கு முதல் வழியே சரி என்பது நம் கருத்து. அதில் வேலை செய்யக் குடிநுழைவுத் துறையிடம் தனியாக ஒப்புதல் முத்திரை பெற வேண்டும். நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கவே ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

இங்கே ஒரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மலேசியக் குடிமகனை மணக்கும் வெளிநாட்டுப் பெண் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு இடம் தருகிறது. மலேசியப் பெண்ணை மணக்கும் வெளிநாட்டு ஆணுக்கு அப்படி ஒரு பிரிவே இல்லை! மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கும் தானாகக் குடியுரிமை கிடையாது என்ற நிலைதான் நீண்ட காலம் இருந்தது. தாய்மார்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகே, 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் கீழவை அதைத் திருத்த மசோதா நிறைவேற்றியது. அந்தத் திருத்தமும் ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பிரசவத்தைத் திருப்பூரில் வைத்துக் கொள்வதா, மாமியார் ஊரிலா என்பதைக்கூடச் சட்டம் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய பள்ளம் நிக்காஹ்விலேயே இருக்கிறது. நம் பகுதியில் ராவுத்தர் சமூகத்தார் ஹனபி மத்ஹபினர். மலேசியச் சட்டமோ ஷாபி மத்ஹபை ஒட்டியது. பெண்ணின் வலீ, அதாவது பொறுப்பாளர், சம்மதிக்க வேண்டும், அல்லது ஷரீஅத் நீதிபதி வலீயாக நிற்க வேண்டும். இல்லையேல் அந்தத் திருமணத்தை ஏற்கவோ பதியவோ மாட்டார்கள். "பருவமடைந்த பெண், அவளே சம்மதித்து விட்டாள்" என்று இங்கே நடத்தி வைக்கும் நிக்காஹ் அங்கே செல்லாக் காசு! வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரக அதிகாரி முன் பதிய வேண்டும் என்பதும் அங்குள்ள 1984ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம்.

அமெரிக்கக் குடிமகளை மணக்கிறவனுக்கு வேறு கண்ணி. அங்கே 'கே-1' என்றொரு விசா உண்டு. நிச்சயம் ஆனவர்களுக்கானது அது. போய் இறங்கி 90 நாளுக்குள் மணம் முடிக்க வேண்டும். இங்கே நிக்காஹ் முடித்துவிட்டு "நிச்சயம்தான் ஆகியிருக்கிறது" என்று விண்ணப்பித்தால் அது பொய். அந்தப் பொய் வெளிப்பட்டால் அந்நாட்டுக் கதவு ஆயுளுக்கும் சாத்தப்படலாம். டெலிபோன் நிக்காஹ்வும் அங்கே எடுபடாது. மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது நிக்காஹ்வுக்குப் பின் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். நிக்காஹ் ஆனவன் மனைவி வழிக் குடியேற்ற விசாவுக்கே விண்ணப்பிக்கட்டும். தாமதமானாலும் கிரீன் கார்டு உரிமையோடு இறங்கலாம், வேலைக்கும் போகலாம்.

பிரிட்டன் நம்மை எப்படிப் பார்த்தது என்பது சரித்திரம். 1979ல் மணமுடிக்கப் போன ஓர் இந்திய ஆசிரியையை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்திய கேவலம் அம்பலமானது. 'குடியேறுவதற்காகத்தான் கல்யாணம் செய்தாய்' என்று சந்தேகித்து நம் துணைக்கண்டத்து மாப்பிள்ளைகளைத் தடுத்து வைத்த விதி 1997ல்தான் ஒழிந்தது. பிறகு பணத்தை வைத்து மறித்தார்கள். 2012ல் 18,600 பவுன் ஆண்டு வருமானம் கேட்டவர்கள், 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள். அங்கேயும் விசிட்டில் போய் இறங்கி, மனைவி வழி விசாவாக மாற்றிக் கொள்ள முடியாது.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வார்த்தை. நிக்காஹ் தஃப்தர் அல்லாஹ்வின் முன்னால் போதும், தூதரகத்தில் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரும் திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். பிந்தினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். வலீமா பிரியாணிக்கு லட்சங்களை அள்ளி விடும் வியாபாரப் பெருமக்கள், மகனின் திருமணச் சான்றிதழுக்காகச் சார்பதிவாளர் அலுவலகப் படியேற மட்டும் சலித்துக் கொள்வதேன்?

இனி வெளிநாட்டுப் பெண்ணோடு நிக்காஹ்வுக்குத் தேதி கேட்டு வரும் மாப்பிள்ளையிடம் ஜமாஅத் செயலாளர் இரண்டே கேள்வி கேட்கட்டும். பெண்ணின் வலீ யார்? எந்த விசாவில் போகிறாய்? இரண்டாவது கேள்விக்கு "விசிட்" என்று பதில் வந்தால் தஃப்தரை மூடி வைத்துவிட்டு, அந்த ஏஜெண்டைக் கூட்டி வரச் சொல்லட்டும்.