கைச்சூட்டுப் பெட்டியும் கரிச்சட்டியும்



கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்கிவிட்டது, அதனால்தான் இப்போதே எழுதுகிறோம். நேரமில்லாதவர்கள் கரிச்சட்டியைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டுமாவது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 மாணவன் ஒருவன் ஒரு காலை இழுத்து இழுத்து வகுப்புக்கு வந்தான். விளையாட்டில் விழுந்திருப்பான் என்று நினைத்தோம். இடைவேளையில் கேட்டபோது முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான், தொடையில் உள்ளங்கை அளவுக்குத் தோல் கொப்பளித்திருக்கிறதாம். நெருப்புப் பட்டதா என்றால் இல்லை. சுடுதண்ணீரா என்றால் அதுவும் இல்லை. காற்சட்டைப் பைக்குள் இருந்த ஒரு பெட்டியிலிருந்து பெற்றோல் கசிந்திருக்கிறது.

அந்தப் பெட்டி இப்போது எங்கள் மேசையில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி நிற உலோகப் பெட்டி, மேல் மூடியில் பூ வடிவத்தில் ஓட்டைகள், போட்டு வைக்க ஒரு துணிப்பை. அவனுடைய சாச்சா கப்பலில் வேலை செய்பவர். ஜப்பானில் வாங்கி, இரவில் கொட்டியாரக் குடாவில் வலை போடும் தன் நாநாவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குளிரில் கை விறைக்காமல் இருக்க எண்ணெய் ஊற்றிப் பாவிக்கும் கைச்சூட்டுப் பெட்டி. கருவி வந்தது, ஆனால் எண்ணெய் வரவில்லை. விமானத்தில் அந்த எண்ணெயைக் கொண்டுவர விடமாட்டார்கள். கூட வந்த கடதாசி முழுக்க ஜப்பான் எழுத்து. எண்ணெய்தானே என்று வாப்பா படகு இயந்திரத்துக்கு வைத்திருந்த பெற்றோலை ஊற்றிவிட்டார். ஒழுங்காகச் சூடேறவில்லை, மணம் மட்டும் வந்தது. சூடு போதவில்லை என்று இன்னும் ஊற்றினார். விடியற்காலை ரியூசனுக்கு மழைக்குள் சைக்கிளில் போன மகன் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். கசிந்த பெற்றோல் ஈரத் துணியோடு ஒட்டி ஒன்றரை மணித்தியாலம் தொடையில் இருந்திருக்கிறது. பெற்றோல் தோலில் அப்படித் தங்கினால் நெருப்பே இல்லாமல் தோலை வேகவைத்துவிடும். பக்கத்தில் ஒருவர் சிகரெட் பற்றவைக்காமல் இருந்தது அல்லாஹ்வின் காவல்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது இரண்டு விதமான பேச்சு வந்தது. இந்தச் சாமானைப் பாடசாலைக்குள் தடை செய்ய வேண்டும் என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார்: "திருகோணமலையில குளிராம், கை சூடாக்கப் பெட்டியாம்." இரண்டிலும் எங்களுக்கு உடன்பாடில்லை.

சிரித்தவருக்கு முதலில். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் போனபோது என்ன நடந்தது என்று மறந்துவிட்டதா? அந்த 9ஆம் திகதி நாடு முழுக்க அரச பாடசாலைகளை மூடினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் குளிரில் விறைத்துச் செத்தன. மழையில் நனைந்த உடம்பில் காற்று அடித்தால் போதும், குளிர் ஆளைத் தின்றுவிடும், அதற்கு ஐஸ் விழ வேண்டியதில்லை. மாடு செத்த அதே இரவுகளில் நம் ஆட்களும் நனைந்த சாரத்தோடு தோணியில் இருந்தவர்கள்தான். விரல் விறைத்தால் வலைக் கயிற்றை அவிழ்க்க முடியாது, இயந்திரத்தின் கயிற்றை இழுக்க முடியாது. கரையில் கம்பளி போர்த்திக்கொண்டு இருப்பவர் இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

தடை செய்யச் சொன்னவருக்குப் பெட்டியைத் திறந்து காட்டினோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. உள்ளே பஞ்சு இருக்கிறது. எண்ணெயை அந்தப் பஞ்சு குடித்துக்கொள்ளும், ஆகவே அளவாக ஊற்றினால் உள்ளே தளும்பும் திரவம் என்று ஒன்றும் இருக்காது. மேலே ஒரு சின்னத் தலை, அதில் நார்ப் பஞ்சு, அந்த நாரில் மிக நுண்ணிய அளவு பிளாற்றினம். பஞ்சிலிருந்து ஆவி மெதுவாக மேலே வரும். தீக்குச்சியைச் சில நொடிகள் காட்டித் தலையைச் சூடாக்கிவிட்டால், அதற்குப் பிறகு சுவாலையே இல்லாமல் அந்த ஆவி பிளாற்றினத்தின் மேற்பரப்பில் ஒட்சிசனோடு சேர்ந்து வெப்பம் தந்துகொண்டிருக்கும். பிளாற்றினம் இங்கே ஊக்கி, தான் தீர்ந்து போகாது. எண்ணெய் தீர்ந்தால் மறுபடி ஊற்றலாம். ஒரு தரம் நிரப்பினால் பல மணித்தியாலம் சூடு நிற்கும். நிறுத்த வேண்டுமென்றால் தலையைக் கழற்றிவிடுவதுதான் வழி.

இந்தத் தத்துவம் புதிதல்ல. சுவாலையில்லாமல் பிளாற்றினக் கம்பி வாயுவில் செஞ்சூடாகி ஒளிர்வதை ஹம்ப்ரி டேவி 1817இல் எழுதிவிட்டார். சுரங்க விளக்குச் செய்த அதே டேவி. 1823இல் டோபரைனர் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் பிளாற்றினத்தின் மேல் ஐதரசனைப் பாய்ச்சி நெருப்பு உண்டாக்கும் விளக்கைச் செய்தார். அதற்குச் சரியாக 100 வருடம் கழித்து, 1923இல், நிஇச்சி மத்தோபா என்பவர் ஜப்பானில் 'ஹக்கின் கைரோ' என்ற பெயரில் இந்தப் பெட்டியைச் செய்தார். ஹக்கின் என்றால் ஜப்பானியத்தில் பிளாற்றினம். நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஒருநாள் சூடாகி மறுநாள் குப்பைக்குப் போகும் பைக்கற்றுகள் இப்போது வருகின்றன. இது அப்படியல்ல, ஒழுங்காக வைத்திருந்தால் பேரப்பிள்ளையும் பாவிக்கலாம்.

ஆகவே பிழை பெட்டியில் இல்லை, ஊற்றிய எண்ணெயில். இதற்கு வேண்டியது நன்றாகச் சுத்திகரித்த பென்சின், அதாவது பழைய பெற்றோல் லைட்டர்களுக்கு ஊற்றுகிறோமே, அந்த வகை எண்ணெய். செட்டில் அடிக்கும் பெற்றோலில் வேறு பல சேர்வைகளும் கந்தகமும் உண்டு, அவை பிளாற்றினத்தை மூடிக் கெடுத்துவிடும். அதனால்தான் அந்த வாப்பாவுக்குச் சூடு வரவில்லை. சரி, மண்ணெண்ணெய்? அதுவும் ஆகாது. சாதாரண வெப்பநிலையில் மண்ணெண்ணெய் போதுமான அளவு ஆவியாகாது, தலை ஈரமாகிப் பழுதாகும்.

எங்கள் ஊரின் நிலைமையை நினைத்தால் ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானம் விழுந்து எரிந்த தாங்கியின் கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். அந்தத் தாங்கிகள் யாருக்கு என்று வருடக் கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. அந்தக் குடாவுக்கு எதிர்க்கரையில் தோணியில் இருப்பவருக்கு ஒரு சின்னப் போத்தல் லைட்டர் எண்ணெய்க்கு வழியில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியபோது கடலுக்குப் போவதையே நிறுத்தியவர்கள் எங்கள் பெற்றோர்களில் இருந்தார்கள். எண்ணெய் என்று கிடைத்ததை எதிலும் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் அந்த நாட்களில்தான் கூடியது என்று நினைக்கிறோம்.

இனி, கரிச்சட்டி. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது உண்மையில் இதுதான்.

அந்த மாணவனின் உம்மா பாடசாலைக்கு வந்திருந்தார். "சேர், இந்தச் சனியன் பெட்டி வேணாம். நான் பழையபடி தணல் சட்டியே வச்சிக்கிறேன்" என்றார். விசாரித்தால், வீட்டில் பிள்ளை பெற்ற மகள் இருக்கிறா. மழைக் குளிருக்கு அறைக்குள் சட்டியில் சிரட்டைக் கரித் தணல் போட்டு, கொஞ்சம் சாம்பிராணியும் தூவி, யன்னலைச் சாத்தி, கதவுக்கடியில் சாரத் துண்டையும் அடைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். தாயும் குழந்தையும் பெரியம்மாவும் ஒரே அறையில்.

கேட்டதும் எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. பெட்டியால் தோல் கொப்பளித்தது, அது ஆறிவிடும். சட்டி அப்படி விடாது. எரியும் கரிக்குப் போதிய காற்றுக் கிடைக்காதபோது காபனோரொட்சைட்டு வரும். புகைக்காவது கண் எரியும், இருமல் வரும், எழும்பி ஓடுவோம். தணலாகிவிட்ட கரியில் புகையே இல்லை. இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. சாம்பிராணி போட்டால் அறை இன்னும் நல்லதாகத்தான் தோன்றும். இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், ஒட்சிசன் மட்டும் உடம்புக்குப் போகாது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி அதே அறையில் படுப்போம். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாது. குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு எடுக்கும், ஆகவே அதற்குத்தான் முதலில் ஆபத்து.

"எங்கட உம்மாவும் அவட உம்மாவும் இப்படித்தானே வச்சாங்க, எங்களுக்கு என்ன நடந்திச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் இருந்தது கிடுகு வேய்ந்த வீடு. கூரைக்கும் சுவருக்கும் இடையில் கை போகும் அளவுக்கு இடைவெளி, கதவு பலகை, சுவர் களிமண். காற்று தானாக வந்து போனது. இப்போது நாம் கட்டியிருப்பது சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல், சீலிங். வீடு மாறிவிட்டது, சட்டி மாறவில்லை. போதாததற்கு 2022இல் காஸ் இல்லாமல் வீட்டுக்கு வீடு கரி அடுப்பு வந்தது. காஸ் திரும்ப வந்த பிறகும் அடுப்பு மூலையில் இருக்கிறது, மழைக்காலம் வந்தால் அறைக்குள் நகர்கிறது.

நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றது மலையகத்தில். கல்லூரி விடுதியில் முதல் டிசம்பரில் எங்கள் பக்கத்துப் பையன்கள் குளிரில் பட்ட பாடு சொல்லி முடியாது. சுபஹுக்கு வுழூ எடுக்கும்போது தண்ணீர் ஊசி போலக் குத்தும். ஓரிரவு நாங்கள் நாலு பேர் சமையலறையிலிருந்து தணல் எடுத்துவரத் திட்டம் போட்டோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நண்பன் ஒருவன்தான் வழிமறித்தான். அவன் பாடப் புத்தகத்திலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. "லயத்தில இப்படிப் படுத்தவங்க எழும்பல்ல" என்று மட்டும் சொன்னான். நாங்கள் தணல் எடுக்கவில்லை. இரண்டு காலுறை போட்டுக்கொண்டு தூங்கினோம். ஏப்ரலில் குடும்பத்தோடு நுவரெலியா போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். வெளியில் பாபகியூ போட்ட கரி மிச்சமிருக்கிறதே என்று அறைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். அப்படி வைத்துவிட்டுக் காலையில் எழும்பாதவர்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் எல்லோரும் இந்தப் பெட்டியை வாங்குங்கள் என்று சொல்கிறோமா? இல்லை. தாய்க்கும் குழந்தைக்கும் இதுவும் வேண்டாம். இதுவும் ஒட்சிசனை எடுத்துத்தான் சூடாகிறது, எண்ணெய் மணமும் வரும். அவர்களுக்கு உலர்ந்த துணி, தொப்பி, தாயின் உடம்புச் சூடு போதும். கூடவேண்டுமென்றால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தொட்டிலைச் சூடாக்கிவிட்டு, போத்தலை எடுத்த பிறகு குழந்தையைக் கிடத்தலாம். நீரிழிவு உள்ள வாப்பாமார், உம்மாமார் காலுக்குக் கீழே இந்தப் பெட்டியை வைக்கவே கூடாது. கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. 44 பாகை என்பது தொட்டால் இதமான சூடுதான், ஆனால் மணித்தியாலக் கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அதுவே தோலைச் சுட்டுவிடும். எங்கள் ஊரில் கால் விரல் எடுத்தவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அது பொருந்துவது திறந்தவெளிக்கு. இரவில் தோணியில் இருப்பவர், விடிய மீன் ஏலத்தில் நிற்பவர், துறைமுக வேலைக்கு இரவு முறை போகிறவர். கரையில் வைத்து, பக்கத்தில் பீடி, நுளம்புத்திரி இல்லாமல் அளவாக ஊற்ற வேண்டும், கை துடைத்த பிறகே தீக்குச்சி, பிறகு துணிப்பையில் போட்டு மேல் சட்டைப் பையில். நனைந்த உடுப்புக்கு மேல் எந்தச் சூடும் நிற்காது, ஆகவே முதலில் மழைக் கோட்டும் மாற்றுச் சாரமும். பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

எரிபொருளைத் தூக்கி எறியாமல், அது இருக்கும் பாத்திரத்தைத் திருத்திய ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். வைத்தியர் விஜய கொடகும்புர, சத்திரசிகிச்சை நிபுணர். குப்பி விளக்குச் சரிந்து எரிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மார்மைட் போத்தல் போல குட்டையாக, பாரமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு விளக்கை வடிவமைத்தார். 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கே வேண்டாம் என்று மின்சாரமில்லாத வீட்டுக்கு அவர் சொல்லவில்லை. தடை கேட்ட எங்கள் நண்பருக்கு இதைத்தான் சொன்னோம். அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

மாணவனின் உம்மா அன்று மாலையே சட்டியை வெளி விறாந்தைக்கு எடுத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். பெரியம்மாதான் கோபமாம். வாப்பா நேற்று அஸருக்குப் பிறகு வந்தார். பஞ்சிலிருந்த பெற்றோல் ஆவியாகிப் போகட்டும் என்று பெட்டியை மூன்று நாள் வெளியில் திறந்து வைத்திருந்தோம். பிளாற்றினத் தலை பிழைக்குமா என்பது ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும். "சரியான எண்ணெய் கிடைச்சா தாங்க சேர், இல்லாட்டி உங்களிட்டயே இருக்கட்டும்" என்றார்.

திருகோணமலை நகரிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ லைட்டர் எண்ணெய் விற்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு போத்தல் போதும்.