தட்டிலிருந்து முதலில் மறைவது பச்சடி

புனே நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் விலைவாசி ஏறிவிட்டது என்று யாரும் பலகை எழுதி வைப்பதில்லை. தட்டின் ஓரத்தைப் பார்த்தாலே போதும். வெள்ளரியும் வெங்காயமும் தக்காளியும் பொடியாக நறுக்கி, வேர்க்கடலைப் பொடி தூவி, எலுமிச்சை பிழிந்து வைக்கும் கோஷிம்பீர் அங்கே சுருங்கி இரண்டு முள்ளங்கி வில்லைகளாகிவிடும். இன்னும் கொஞ்சம் வெங்காயம் கேட்டால், பரிமாறுபவர் காதில் விழாதவர் போல் அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்.

இந்தக் கோஷிம்பீர் தமிழருக்கு அன்னியப் பண்டமல்ல. ராமநவமிக்குப் பாசிப்பருப்பை ஊறவைத்துச் செய்யும் கோசுமல்லியும், கன்னடத்தாரின் கோசம்பரியும் இதன் உடன்பிறப்புகள் என்பது பெயரிலேயே தெரிகிறது. ரஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டும் ஒரே அடுக்களையில் நடக்கின்றன. வீட்டுச் சமையலில் மட்டுமல்ல, மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் குமாஸ்தாவுக்கும், பிம்பிரி-சிஞ்ச்வட் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்யும் தொழிலாளிக்கும் பச்சைக் காய் என்று வயிற்றுக்குப் போவது பெரும்பாலும் இந்த ஒரு பிடிதான். சோறும் பருப்பும் எப்படியும் வந்துவிடுகின்றன. அடி விழுவது இதன் மேல்.

2023 ஜூலையில் அது வெளிப்படையாகவே நடந்தது. சோறு, ரொட்டி, பருப்பு, காய்கறி, தயிர், சாலட் அடங்கிய ஒரு வேளைச் சாப்பாட்டின் செலவை மாதந்தோறும் கணக்கிட்டு வெளியிடும் கிரிசில் நிறுவனம், ஜூன் மாதம் கிலோ 33 ரூபாயாக இருந்த தக்காளி ஜூலையில் 110 ரூபாயாகிவிட்டது என்று கூறியது. அந்த ஒரே மாதத்தில் சைவச் சாப்பாட்டின் செலவு 28 சதவீதம் ஏறியது. அதில் 22 சதவீதப் புள்ளிகளுக்குத் தக்காளி மட்டுமே காரணம். பெரிய பன்னாட்டு உணவுக் கடைகளே தக்காளியை நிறுத்தி வைத்தபோது, முப்பது பேருக்குச் சமைக்கும் மெஸ்காரர் என்ன செய்வார்?

இதில் வேடிக்கை என்னவென்றால், புனே ஜில்லாவிலேயே பெரிய தக்காளிச் சந்தை ஒன்று இருக்கிறது. நாசிக் சாலையில் ஜுன்னர் தாலுகாவைச் சேர்ந்த நாராயண்காவ்தான் அது. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் விலை கட்டாமல், பறிகூலிக்குக்கூட வராது என்று பலர் தக்காளியைச் செடியிலேயே விட்டார்கள். சிலர் சாலையோரம் கொட்டினார்கள். விலை இல்லாத பயிருக்கு மருந்தும் தண்ணீரும் யார் செலவு செய்வார்கள்? மழையும் தாமதமாகி, ஜூன் 8-ம் தேதிதான் கேரளத்தில் தொடங்கியது. வரத்து குறைந்ததும், பொறுமையாக வயலைக் காப்பாற்றியவர்களுக்குப் பணம் கொட்டியது. ஆனால் புதிதாக நட்ட பயிர் செப்டம்பரில் ஒரே நேரத்தில் வந்து குவிந்தபோது, விலை மறுபடி சில ரூபாய்க்கு விழுந்தது. மே மாதம் அழுதவர் ஜூலையில் சிரித்து, செப்டம்பரில் மீண்டும் அழுதார். வாங்குபவர் இடையில் மட்டும் அழுதார்.

தக்காளியைச் சேமித்து வைக்க முடியாது. வெங்காயத்தைச் சேமிக்கலாம், அதனாலேயே அதில் அரசியல் அதிகம். குளிர்காலத்தில் நட்டு மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் வெங்காயம், காற்றோட்டமான கொட்டகைகளில் சில மாதம் தாங்கும். மழைக்காலப் பயிர் வரும் அக்டோபர், நவம்பர் வரை நாடு அதைத்தான் தின்கிறது. இடைப்பட்ட வாரங்களில் விலை ஏறும். 1980 பொதுத் தேர்தலிலும் 1998 டில்லித் தேர்தலிலும் வெங்காயம் பேசப்பட்டது ஊரறிந்த செய்தி. ‘வெங்காயம்’ என்று ஏளனமாகச் சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. டில்லியில் யாரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

அந்தப் பயத்தில்தான் மத்திய அரசு 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. டிசம்பர் 8-ல் ஏற்றுமதியையே தடுத்தது. 2024 மே 4-ல் தடை நீங்கினாலும் வரி நீடித்தது. செப்டம்பரில் அது 20 சதவீதமாகி, 2025 ஏப்ரல் 1-ல்தான் ஒழிந்தது. நகரத்துச் சமையலறைக்கு இது சற்று ஆறுதல் தந்தது. லாசல்காவ் சந்தையை நம்பியிருக்கும் நாசிக் விவசாயியோ கொதித்துப் போனார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்த ஜில்லாவின் திண்டோரித் தொகுதியில் மத்திய இணை அமைச்சர் ஒருவரே தோற்றதற்கு வெங்காயம் ஒரு முக்கியக் காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டது.

விவசாயி கெட்டால் நகரத்தான் பிழைப்பான் என்ற கணக்கும் பொய்யானது. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குச் சுமார் 33 பைசாவும், வெங்காய விவசாயிக்கு 36 பைசாவும்தான் சேருகின்றன என்று 2024-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது. மீதி தரகிலும் வண்டி வாடகையிலும் அழுகலிலும் சில்லறை லாபத்திலும் கரைகிறது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் சீர்படுத்த 2018-ம் ஆண்டு பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயுடன் ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’ அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் ஊசல் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் ஏறியிருந்தது. 2025 அக்டோபரில் 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. மாதச் சம்பளம் இப்படி ஏறி இறங்குவதில்லை.

ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2020 ஜனவரி 26-ல் மராட்டிய அரசு தொடங்கிய பத்து ரூபாய் ‘சிவ் போஜன்’ தட்டில் இரண்டு சப்பாத்தி, சோறு, பருப்பு ஆகியவற்றுடன் 100 கிராம் காய்தான் வைக்கப்பட்டது. ஏழைக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்ததே பெரிது என்பது உண்மை. அதில் பச்சடிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பதும் உண்மை.

வருஷம் முழுவதும் தக்காளியும் வெங்காயமுமே வேண்டும் என்று அடம்பிடிப்பது நகரம் கற்றுக்கொண்ட பழக்கம். மராட்டியக் கிராமத்து அடுக்களை பருவத்தோடு போகும். கோடையில் வெங்காயத்தோடு துருவிய மாங்காய், மழையில் வெள்ளரி, குளிர் வந்தால் காரட்டும் முள்ளங்கியும் வெந்தயக்கீரையும் கொய்யாவும். தமிழர் போகி கொண்டாடும் அதே நாளில் இங்கேயும் போகி. அன்று பச்சைக் கொண்டைக்கடலை, பட்டாணி, கத்தரி, காரட், அவரை எல்லாம் சேர்த்து எள் போட்டு ஒரு கூட்டு செய்து கம்பு ரொட்டியுடன் உண்கிறார்கள். திருவாதிரைக்கு ஏழு கறி சேர்த்துக் கூட்டு வைப்பவருக்கு இதன் ருசி உடனே பிடிபடும்.

பட்டாணி குவியும் அந்த வாரங்களில் இந்தக் கூட்டுக்கு ஆகும் செலவு, ஜூலையில் நான்கு தக்காளி வாங்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். மெஸ்காரர்களும் தொழிற்சாலை கான்டீன் குத்தகைதாரர்களும் வருஷத்துக்கு ஒரே பட்டியல் போடாமல், வாரத்துக்கு வாரம் மார்க்கெட் யார்டில் எது மலிவோ அதைப் பச்சடியாக்கினால் தட்டின் ஓரம் காலியாகாது. கான்டீன் கமிட்டியில் உட்காரும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் சாப்பாட்டின் விலையைப் பற்றி மட்டும் வாதாடுகிறார்கள். எத்தனை கிராம் காய் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம்.